டீக்கி மரச்சிலை செதுக்குவது எப்படி: கட்டை தேர்வதில் இருந்து தோட்டத்தில் நிறுத்துவது வரை

டீக்கி என்னும் பசிபிக் தீவு மரச்சிலையைச் செதுக்கப் புதிதாக உளி பிடிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கை வைப்பது கண்ணில்தான். உருண்டைக் கட்டையின் மேற்பரப்பில் இரண்டு கண்ணை அழகாகத் தோண்டிவிடுவார்கள். அப்புறம்தான் மூக்கு எடுப்பாகத் தெரியவில்லை என்று கன்னத்தை இறக்க ஆரம்பிப்பார்கள். கன்னம் இறங்க இறங்க, அரை நாள் பாடுபட்டுத் தோண்டிய கண் சில்லுகளோடு சேர்ந்து தரைக்குப் போய்விடும். பக்கத்தில் நின்று இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாக இருக்கும்.

கை நுணுக்கம் போகப் போக வரும். வரிசை மட்டும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். வெட்டி எறிந்த மரத்தைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அதனால் எது வெளியே துருத்தி நிற்க வேண்டுமோ அதை முதலில் காப்பாற்றுங்கள், எது உள்ளே போக வேண்டுமோ அதைப் பிறகு தோண்டுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

உதாரணத்துக்கு 25 செ.மீ. விட்டமும் 90 செ.மீ. உயரமும் உள்ள ஒரு கட்டையை எடுத்துக்கொள்கிறேன். பச்சையாக இருந்தால் 40 கிலோவை ஒட்டி எடை வரும். இரண்டு பேர் சேர்ந்தால் புரட்டலாம். இதைவிடச் சின்னதாக இருந்தால் பற்களும் உதடும் செதுக்க இடம் போதாது. முதல் சிலைக்கு இதைவிடப் பெரிது வேண்டாம்.

1. முகத்தை முடிவு செய்யுங்கள்

டீக்கி என்பது பசிபிக் தீவு மக்களின் உருவம். நியூசிலாந்தின் மாவோரிகளும் மார்க்கேசாஸ் தீவுகளைச் சேர்ந்தவர்களும் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஹவாயில் இதற்குப் பெயர் கிஇ. அங்கே இவை முன்னோரையும் தெய்வத்தையும் குறிப்பவை. அதனால் கோயிலிலோ மாவோரிகளின் சபை மண்டபத்திலோ நிற்கும் ஒரு குறிப்பிட்ட சிலையை அப்படியே நகல் எடுக்காதீர்கள். அது ஒரு வம்சத்துக்குச் சொந்தமான முகமாக இருக்கலாம். உடம்பைவிடப் பெரிய தலை, கனத்த புருவம், அகன்ற வாய் ஆகிய பொது அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் முகத்தை நீங்களே வரையுங்கள்.

வரையும்போது முன்பக்கத் தோற்றத்தோடு நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பக்கவாட்டுத் தோற்றம் அதைவிட முக்கியம். எது எவ்வளவு ஆழம் என்பதை அது ஒன்றுதான் சொல்லும். இரண்டையும் கட்டையின் அசல் அளவிலேயே தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் ஒரு பிடி களிமண்ணை உருட்டி அதே முகத்தை விரலால் செய்து பாருங்கள். மூக்கு எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்று வரும் குழப்பம் பாதி இந்தக் களிமண்ணிலேயே தீர்ந்துவிடும்.

2. கட்டையைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தென்னை மாதிரியான பனைக் குடும்பத்து மரமும் சாதாரண மரமும் உள்ளுக்குள் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மாதிரி வெட்டினால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும்.

சாதாரண மரத்தில் வளையங்கள் இருக்கும், நடுவில் வைரம், அதாவது முதிர்ந்த கெட்டியான உள்மரம் இருக்கும். சீடார், பைன், சைப்ரஸ் போன்ற மென்மையான மரங்கள் கை உளிக்கு இதமாக இருக்கும். வெளியில் நிற்கப் போகும் சிலைக்கு வைரம் அதிகமுள்ள சீடாரும் சைப்ரஸும் நல்லது. பைன் செதுக்கச் சுலபம், ஆனால் சீக்கிரம் உளுத்துவிடும். கனமான கிளை முளைத்த இடத்தில் கணு இருக்கும். அது மூக்கிலோ வாயிலோ வந்து உட்காராதபடி கட்டையைப் பாருங்கள்.

தென்னையிலும் விசிறிப் பனையிலும் வளையமும் கிடையாது, வைரமும் கிடையாது. வெட்டிய முகத்தைப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றை. ஓரத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், நடுவுக்குப் போகப் போக விலகிவிடும். தென்னையின் ஓரப்பகுதி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் வரும். நடுப்பகுதி 400 கிலோகூட இருக்காது. ஒரு திருப்புளியை நடுவில் அழுத்தினாலே இறங்கும். எனவே தென்னையில் உங்கள் முகம் முழுவதும் அந்த நெருக்கமான புள்ளி வளையத்துக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டித் தோண்டினால் பஞ்சு மாதிரியான பகுதி வெளியே தெரியும், தண்ணீர் குடிக்கும், அழுகும். ஒரே மரத்திலும் அடித்துண்டுதான் கெட்டி. உச்சித்துண்டு யார் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பழைய ரயில் தண்டவாளக் கட்டை, உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய கம்பம் இரண்டையும் தொடவே கூடாது. அவற்றில் கிரியோசோட் என்ற தார் எண்ணெயோ ஆர்சனிக் கலந்த மருந்தோ இருக்கலாம். செதுக்கும்போது அந்தத் தூசி உங்கள் நுரையீரலுக்குள் போகும். எரித்தால் புகை இன்னும் மோசம்.

பச்சைக் கட்டையா, காய்ந்ததா? எனக்குப் பிடித்தது பாதி காய்ந்தது. பச்சை மரத்தில் உளி வெண்ணெய் மாதிரி இறங்கும், ஆனால் பிறகு சுருங்கும். முழுதாகக் காய்ந்த தென்னையில் நார் கம்பியாகிவிடும், உளி முனை சீக்கிரம் மழுங்கும். கட்டை கைக்கு வந்த அன்றே இரண்டு வெட்டு முனைகளிலும் பழைய பெயின்ட்டோ உருக்கிய மெழுகோ தடித்துப் பூசிவிடுங்கள். மரம் முனைகள் வழியாகத்தான் வேகமாக ஈரம் இழக்கும். அங்கேதான் முதல் விரிசலும் விழும்.

3. கருவிகளும் அவற்றின் கூர்மையும்

இருபது உளி கொண்ட பெட்டி தேவையில்லை. 25 மி.மீ. நேர் உளி ஒன்று, 30 மி.மீ. அகலத்தில் ஆழம் குறைந்த நகவுளி (நகம் மாதிரி வளைந்த முனையுள்ள உளி) ஒன்று, 15 மி.மீ. ஆழமான நகவுளி ஒன்று, கோடு இழுக்க 10 மி.மீ. ‘வி’ வடிவ உளி ஒன்று. இவற்றோடு அரை கிலோவுக்கு மேல் எடையுள்ள கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), பெரிய பல் வைத்த கை ரம்பம், முரட்டு அரம். இது போதும். வாச்சி (குறுக்கு அலகு வைத்த செதுக்குக் கோடரி) பழகியவர்கள் கன்னம் இறக்க அதையும் வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிள் கிரைண்டரில் மரம் செதுக்கும் தட்டு மாட்டினால் வேலை வேகமாகும், தவறும் அதே வேகத்தில் நடக்கும். முதல் சிலையைக் கையாலேயே செய்யுங்கள். செயின் ரம்பம் பழகாதவர்கள் அதைச் சிலை செதுக்கப் பயன்படுத்த வேண்டாம். சங்கிலி சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின் மேல் நுனி மரத்தில் தொட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். முகம் செதுக்கும் வேலையில் அந்த நுனியைத்தான் அதிகம் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

உளி கூராக இருக்கிறதா என்று பார்க்க, முனையை வெளிச்சத்தில் நேராகப் பிடியுங்கள். வெள்ளிக்கோடு மாதிரி மினுங்கினால் மழுங்கியிருக்கிறது. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பாது. மென்மையான மரத்துக்கு 20 முதல் 25 டிகிரி சரிவு போதும். சாணைக்கல்லில் தீட்டிய பிறகு தோல் பட்டையில் பின்னோக்கி நாலு இழுப்பு இழுங்கள். தென்னையில் மணல் சத்தான சிலிக்கா இருப்பதால் அரை மணிக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டிவரும். சலித்துக்கொள்ளாதீர்கள். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க நேரும், அதிக பலம் கொடுத்த உளி வழுக்கும், வழுக்கிய உளி கையில்தான் நிற்கும்.

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல தூசி முகமூடி, காலில் மூடிய செருப்பு. சீடார் தூசி சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். சுழலும் கருவி எதையும் தொளதொள கையுறையோடு பிடிக்காதீர்கள்.

4. கட்டையைத் தயார் செய்யுங்கள்

பட்டையை முழுதாக உரித்துவிடுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்தான் பூச்சி குடியிருக்கும், ஈரமும் தங்கும்.

அடுத்து முகம் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க வேண்டும். கட்டையை நிறுத்திவைத்துச் சுற்றி வந்து பாருங்கள். கணு குறைவாக, விரிசல் இல்லாமல், லேசாக வெளியே வளைந்திருக்கும் பக்கம் முகத்துக்கு நல்லது. அந்த வளைவே மூக்குக்கும் வாய்க்கும் கொஞ்சம் கூடுதல் மரம் தரும்.

சாதாரண மரமாக இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது, பலர் இதைத் தெரியாமல் தாண்டிவிடுகிறார்கள். மரம் காயும்போது வளையத்தின் ஓட்டத்திலே சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் முழு உருளைக் கட்டை எங்காவது ஒரு இடத்தில் பிளந்தே தீரும். அது மூக்கின் நடுவில் பிளக்கலாம். அதற்குப் பதில் பிளவு எங்கே வர வேண்டும் என்று நாமே முடிவு செய்துவிடலாம். முகத்துக்கு நேர் பின்னால், மேலிருந்து கீழ்வரை, மையத்தைத் தொடும் ஆழத்துக்கு ஒரு ரம்ப வெட்டு போட வேண்டும். மரம் அறுப்பவரிடமே செயின் ரம்பத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நாள் போகப் போக அந்த வெட்டு ‘வி’ மாதிரி விரியும். முகம் பெரும்பாலும் தப்பித்துவிடும். பனைக் குடும்பத்து மரங்களுக்கு இது தேவையில்லை, அவை அப்படிப் பிளப்பதில்லை.

கடைசியாக, கட்டை உருளாமல் படுக்க இரண்டு பலகையில் ‘வி’ வெட்டி ஒரு தொட்டில் செய்யுங்கள். அதன்மேல் கட்டையை வைத்து நாடாப் பட்டை போட்டு இறுக்குங்கள். காலால் மிதித்துக்கொண்டு செதுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உளி வழுக்கினால் காலில் போய்ப் பாயும்.

5. கோடு போடுங்கள்

முகத்தின் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. கட்டையை நிறுத்தி, தூக்குக் குண்டு தொங்கவிட்டு அந்தக் கோட்டைப் போடுங்கள். வெறும் கண்ணால் போட்ட கோடு கட்டையின் வளைவோடு சாய்ந்துவிடும், முகமும் அதோடு சேர்ந்து சாயும்.

அப்புறம் குறுக்குக் கோடுகள். மேல் முனையிலிருந்து அளந்து 20, 27, 47, 67, 72 செ.மீ.யில் கோடு போடுங்கள். முதல் 20 தலை அலங்காரத்துக்கு. 20 முதல் 27 வரை புருவம். 27 முதல் 47 வரை மூக்கு. அதே உயரத்தில், மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணும் கன்னமும். 47 முதல் 67 வரை வாய், 72 வரை தாடை, மிச்சம் 18 அடிப்பாகம். அடிப்பாகத்தை வெட்டாமல் விடுங்கள், நிறுத்தும்போது அதுதான் கைகொடுக்கும்.

குறுக்குக் கோட்டை நீளமான ஒரு தாள் பட்டையைக் கட்டையில் சுற்றிப் போடுங்கள். தாளின் ஓரம் ஓரத்தோடு சேர்ந்தால் கோடு நேர். பென்சில் ஈர மரத்தில் தெரியாது, கலர் க்ரேயான் நல்லது. கண்ணை இப்போது வரையாதீர்கள். வரைந்தால் கை அதைத் தேடிப் போகும்.

6. தடுப்பு வெட்டுகள்

மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. நாரோடு உளியை அடித்தால் சில்லு நினைத்த இடத்தில் நிற்காது, நார் போகும் வரை பிளந்துகொண்டே போகும். அதை நிறுத்த முன்கூட்டியே குறுக்கே ஒரு ரம்ப வெட்டு போட வேண்டும். இதைத் தடுப்பு வெட்டு என்று வைத்துக்கொள்வோம். சில்லு அங்கே வந்ததும் உதிர்ந்துவிடும்.

ரம்பத்தின் பக்கத்தில், பல்லிலிருந்து வேண்டிய ஆழத்தில் கலர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். டேப் ஒட்டாமல் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று அறுத்தவர்கள் எல்லோரும் ஆழம் கூட்டிவிட்டார்கள். அந்த ரம்பக் கோடு சிலை முடிந்த பிறகும் தழும்பு மாதிரி தெரியும்.

72 செ.மீ. கோட்டில், தாடைக்குக் கீழே, முன்பக்கம் முழுவதும் 3 செ.மீ. ஆழம். 47 கோட்டில், மூக்குக்கு அடியில், 3 செ.மீ. 27 கோட்டில்தான் கவனம் வேண்டும். புருவத்துக்கு அடியில் கன்னப் பக்கங்களில் 4 செ.மீ. ஆழம் வேண்டும், ஆனால் நடுவில் மூக்கு தொடங்கும் 7 செ.மீ. அகலத்துக்கு 1.5 செ.மீ.தான் இறங்க வேண்டும். அதனால் இதை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது. முதலில் நடுவில் மேலோட்டமாக ஒரு வெட்டு. அப்புறம் ரம்பத்தை இடப்பக்கம் சாய்த்து ஒரு முறை, வலப்பக்கம் சாய்த்து ஒரு முறை. நேராகவே அறுத்துவிட்டால் மூக்கு வேரோடு வெட்டுப்படும்.

மூக்குக்கு அடியில் போடும் வெட்டை உள்ளே போகும்போது மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள். அப்படிச் சாய்த்தால் மூக்கு நுனியில் நார் குட்டையாகி, கொட்டாப்புளியின் ஒரு அதிர்வில் நுனி தெறித்துவிடும். கட்டைக்குக் குறுக்காக, நேராகவே விடுங்கள்.

தென்னையில் இந்த ஆழங்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான ஓரம் எவ்வளவு தடிமன் என்று வெட்டுமுனையில் அளந்த பிறகு ஆழத்தை இறுதி செய்யுங்கள்.

7. கன்னத்தை இறக்கி மூக்கை எழுப்புங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் எடுப்பதும் அதிகம் கற்றுத்தருவதும் இந்தப் படிதான்.

மூக்கை முதலில் ஒரு முக்கோணமாக வரையுங்கள். மேலே 4 செ.மீ. அகலம், கீழே 9 செ.மீ. கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டுவிட்டு, பெரிய நகவுளியை எடுங்கள். கன்னத்தின் கீழ்ப்பகுதியில், வாயை நோக்கிய பக்கத்தில் தொடங்கி, புருவத்தடி வெட்டை நோக்கி மேலே சரிவாக இறக்குங்கள். கீழே ஆழம் குறைவு, புருவத்தை நெருங்கும்போது முழு 4 செ.மீ. சில்லு புருவத்தடியில் வந்து ‘டப்’பென்று உதிரும். அந்தச் சத்தம் கேட்டால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். சில்லு உதிராமல் மடங்கி நின்றால் தடுப்பு வெட்டின் ஆழம் போதவில்லை. உளியால் நெம்பாதீர்கள், மறுபடி ரம்பத்தை எடுங்கள்.

இடது கன்னத்தில் இரண்டு அடுக்கு எடுத்தால் வலதிலும் இரண்டு அடுக்கு எடுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் வருபவர்களுக்கு இரண்டாவது கன்னம் ஒருபோதும் ஒத்துவருவதில்லை.

மரம் கிழிந்துகொண்டு வந்தால் நாருக்கு எதிராகப் போகிறீர்கள். உளியை எதிர்ப்பக்கம் திருப்பி வெட்டிப் பாருங்கள். சரியான திசையில் வெட்டிய இடம் பளபளப்பாக இருக்கும், தப்பான திசையில் வெட்டிய இடம் பூனை பிறாண்டிய மாதிரி இருக்கும்.

கன்னம் இறங்கிய பிறகு மூக்கின் முதுகைச் சரிவாக்குங்கள். மேலே 1.5 செ.மீ. உள்ளே, கீழே நுனி கட்டையின் அசல் மேற்பரப்பிலேயே. நுனியைத் தொடவே தொடாதீர்கள். முகத்திலேயே அதிகம் துருத்தி நிற்கும் இரண்டு இடங்களில் இது ஒன்று, மற்றது புருவம். மூக்குத் துவாரங்களுக்குச் சின்ன நகவுளியால் இரண்டு அரை வட்டம் போதும். அதையும் எல்லாம் முடிந்த பிறகு செய்யலாம்.

இங்கே நிறுத்தி எழுந்து நாலு மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள். கண்ணும் வாயும் இல்லாமலேயே ஒரு முகம் உங்களை முறைத்துப் பார்க்க வேண்டும். அப்படித் தெரியவில்லை என்றால் கன்னம் இன்னும் இறங்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பயந்து ஆழம் குறைத்துவிடுகிறார்கள். பிறகு எவ்வளவு அலங்காரம் செய்தாலும் வெறும் கட்டையில் படம் வரைந்த மாதிரிதான் நிற்கும்.

8. வாய்

முதலில் வாய்ப்பகுதி முழுவதையும், அதாவது 47 முதல் 67 வரை, மூக்கு நுனியைவிட 2 செ.மீ. உள்ளே இருக்கும்படி ஒரு தலையணை மாதிரி உருட்டிவிடுங்கள். அதன்மேல் படுத்த எட்டு வடிவத்தில் வாயை வரையுங்கள். உதட்டுப் பட்டை 2 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

‘வி’ உளியால் உதட்டின் வெளிக்கோட்டை இழுங்கள், பிறகு உள்கோட்டை. உள்கோட்டுக்குள் இருக்கும் மரம் முழுவதையும் 1 செ.மீ. சமமாக இறக்குங்கள். இது பல்லின் மட்டம். இந்த மட்டம் சமமான பிறகுதான் பல்லை வரைய வேண்டும். முதலிலேயே வரைந்தால் மட்டம் இறக்கும்போது வரைந்ததும் போய்விடும், பற்களும் ஏற்ற இறக்கமாக வரும்.

பல் ஒவ்வொன்றும் குறைந்தது 2 செ.மீ. அகலம் இருக்கட்டும். பல்லின் உயரம் குட்டை, நார் அந்த உயரத்தில்தான் ஓடுகிறது. எனவே பல்லை உளியால் நெம்பினால் பிஸ்கட் மாதிரி பெயர்ந்துவிடும். பற்களுக்கு நடுவில் உள்ள கோட்டை ‘வி’ உளியால் இழுங்கள். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கடைசியாக, சின்னச் சின்னச் சில்லாக எடுங்கள். பற்களுக்கு அடியில் குடைந்து எடுக்க வேண்டாம். ஒரு பல் பெயர்ந்துவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுத்து, மழைக்குத் தாங்கும் மரப்பசை போட்டு அப்போதே ஒட்டுங்கள். உடைந்த முகங்கள் புதிதாக இருக்கும்போது ஒட்டினால் கோடுகூடத் தெரியாது.

கீழ் உதட்டின் உள்பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் முன்பு செய்த ஒரு சிலையில் கீழ் உதட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழி விட்டிருந்தேன். செதுக்கும்போது அது நல்ல நிழல் தந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கியது. இரண்டு மழைக்காலம் போனதும் உதடு கறுத்திருந்தது. நகத்தால் அழுத்தினேன், நகம் உள்ளே போனது. வெளியே பார்க்க மரம் முழுசாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் வாயின் அடித்தளம் முன்பக்கமாகச் சரிந்திருக்கிறதா என்று பார்க்க, கட்டையை நிறுத்தி ஒரு குவளை தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்ப்பேன். தேங்கினால் அந்த இடத்தில் இன்னும் செதுக்க வேண்டியிருக்கிறது. மூக்கின் மேல்முனை, கண்குழி, தாடையடி எல்லாவற்றுக்கும் இதே சோதனை.

9. இப்போதுதான் கண்

கன்னம் அதன் இறுதி மட்டத்துக்கு வந்துவிட்டது. இனி கண்ணை அழிக்க எதுவும் இல்லை.

கெட்டித் தாளில் ஒரு கண்ணை வெட்டி எடுங்கள். இடப்பக்கம் வைத்து வரைந்து, அதே தாளைத் திருப்பிப் போட்டு வலப்பக்கம் வரையுங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாகக் கையால் வரைந்தால் ஒன்று கட்டாயம் கொஞ்சம் ஏறியிருக்கும். ‘வி’ உளியால் கோட்டை இழுத்து, சுற்றியுள்ள மரத்தை லேசாக இறக்கினால் விழி தானாக மேடாகும். விழிக்கு நடுவில் ஒரு கீற்று அல்லது சுழி போதும்.

சமமாக இருக்கிறதா என்று பார்க்க, போனில் ஒரு படம் எடுத்து அதை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நேரில் மணிக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல், திருப்பிய படத்தில் பளிச்சென்று தெரியும்.

10. தலை அலங்காரமும் ஓரங்களும்

நெடுக்குக் கோடுகள், முக்கோண வரிசை, அலை வரிசை, எது வேண்டுமானாலும் போடலாம். ஆழம் 1 செ.மீ. போதும். முகத்தைவிட ஆழமாகப் போனால் கண் அங்கேதான் போகும்.

உச்சியைக் கிண்ணம் மாதிரி குழிக்காதீர்கள். சற்றே கவிழ்த்த மாதிரி மேடாக்குங்கள். மேல்முனையில் நார்களின் வாய் திறந்திருக்கிறது, தேங்கும் தண்ணீர் உறிஞ்சு குழாயில் போவது மாதிரி உள்ளே இறங்கும்.

நாளுக்கு நாள் வேலை நடக்கும்போது, இடைவெளியில் கட்டையை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். செதுக்கிய பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் மெல்லிய விரிசல் விழும்.

11. காயவிட்டு, தேய்த்து, தீ காட்டுங்கள்

பச்சை மரத்தில் செதுக்கியிருந்தால், காற்றோட்டமான நிழலில் ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். உள்வரை காய வருஷங்கள் ஆகும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மேற்பரப்பு காய்ந்தால் போதும்.

உப்புத்தாளை உளி வேலை முழுவதும் முடிந்த பிறகே எடுங்கள். அதன் மணல்துகள் மரத்தில் பதிந்துகொள்ளும், அதன்மேல் மறுபடி உளி போட்டால் முனை போய்விடும். மூக்கு, உதடு, புருவம் மூன்றையும் 80, பிறகு 120 எண் தாளால் தேயுங்கள். பின்னணியில் உளித்தடம் அப்படியே இருக்கட்டும். வழவழப்பும் சொரசொரப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் முகம் தூக்கலாகத் தெரியும்.

தீ காட்டுவது கட்டாயமில்லை, ஆனால் தென்னையில் பிசிறு நாரை அகற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கேஸ் டார்ச்சை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். பள்ளங்கள் கறுக்கட்டும், மேடுகள் பழுப்பு நிறத்தோடு நிற்கட்டும். பிறகு நார் ஓடும் திசையிலேயே கம்பி பிரஷ் போட்டு, கரித்தூளை உதறுங்கள். எண்ணெயோ சாயமோ பூசிய பிறகு ஒருபோதும் தீ காட்டக் கூடாது. பின்பக்க ரம்ப வெட்டுக்குள் தீயை விடாதீர்கள். பனை நார் வெளியே அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர்க் குழாயைப் பக்கத்தில் வைத்து, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள்.

12. பூச்சு

வெளியில் நிற்கும் சிலைக்கு வார்னிஷைவிட மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சைத்தான் நான் சொல்வேன். வார்னிஷ் மேலே ஒரு தோலாக நிற்கும். மரம் ஈரத்துக்கு உப்பிச் சுருங்கும்போது அந்தத் தோல் வெடித்து, தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். மறுபடி பூச எல்லாவற்றையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் என்றால் கழுவிவிட்டு மேலேயே பூசலாம்.

வெறும் ஆளிவிதை எண்ணெய் வெளியில் பூஞ்சணத்துக்குத் தீனி. பூஞ்சணத் தடுப்பும் கொஞ்சம் நிறமியும் கலந்த வெளிப்புற மர எண்ணெயாகப் பாருங்கள். வெயிலைத் தடுப்பது அந்த நிறமிதான். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். மேல்முனையும் அடிமுனையும் குடிக்கும் வரை குடிக்கட்டும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும், சுருட்டிய துணியில் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி வையுங்கள்.

13. நிறுத்துவது

நேராக மண்ணில் புதைப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகச் சிலைகளைக் கொன்ற தவறு. மண் மட்டத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைப்பதால் உளுப்பது அங்கேதான் தொடங்கும்.

கல் பலகையோ கான்கிரீட்டோ போட்டு, அதில் 12 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி ஒன்றை நட்டு வையுங்கள். சிலையின் அடியில் 20 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு அந்தக் கம்பியில் இறக்குங்கள். கம்பி இல்லாமல் சும்மா நிறுத்தினால், குழந்தை ஒன்று கட்டிப்பிடித்து ஏறினால் சிலையின் எடை முழுவதும் அதன்மேல் சாயும். அடிமுனைக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி வர, கம்பியில் தடித்த வாஷர்களைக் கோத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் காற்று போகும், அடி காயும்.

செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் எட்டாத இடமாகப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தால் கன்னத்தின் ஆழம் முழுவதும் நிழலாகத் தெரியும். நேர் முன்னால் விளக்கு வைத்தால் அத்தனை செதுக்கலும் தட்டையாகிவிடும்.

14. அதற்குப் பிறகு

வருஷத்துக்கு ஒரு முறை மெல்லிய பிரஷும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், அது நாரைக் கிளப்பிவிடும். காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. மரம் குடித்துக் கறுத்தால் ஒரு பூச்சு எண்ணெய் போடும் நேரம் வந்துவிட்டது. மாவு மாதிரித் தூளும் குண்டூசித் துளைகளும் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. பூச்சியைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசலைத் துளைகளிலும் சுற்றிலும் ஊறவிட்டு, காய்ந்ததும் எண்ணெய் பூசி மூடுங்கள். போரேட் தண்ணீரில் கரையும், மேல்பூச்சு இல்லாவிட்டால் மழையோடு போய்விடும்.

விரிசல்களைப் பார்த்ததும் மக்கு வைத்து அடைக்கக் கை துறுதுறுக்கும். அடைக்காதீர்கள். கோடையில் அடைத்த மக்கு மழைக்காலத்தில் மரம் உப்பும்போது ஆப்பு மாதிரி நின்று விரிசலை இன்னும் நீட்டிவிடும். விரிசலுக்குள் எண்ணெய் இறங்கும்படி பிரஷால் தடவிவிட்டு, திறந்தே விடுங்கள்.